பச்சை வாரில் கட்டிய ரப்பர் படகு

சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறவன் புளிக்குழம்பைக் கையால் பிசைந்து சாப்பிட மாட்டான். எங்கள் தெருவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டும். தோலில் இருக்கும் மயிர் கழல்வதற்காக அதை நாள்கணக்கில் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். குழியில் இறங்கி அந்தத் தோலைப் புரட்டுகிறவனுக்கு விரல் நுனியில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஓட்டை விழும். ஆறும், மறுபடி விழும். அந்தக் கையைப் புளியிலோ மிளகாயிலோ வைத்தால் உயிர் உச்சிக்கு ஏறும். அதனால் ஆம்பூரில் எங்கள் தெரு ஆண்கள் கொட்டாங்கச்சிக் கரண்டியால்தான் சாப்பிட்டோம். துரைமார் கரண்டியால் சாப்பிட்டால் நாகரிகம். நாங்கள் சாப்பிட்டால், பார்க்கிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்காருவான்.

நான் மீசை முளைக்காத வயதில் குழியில் இறங்கினவன். எனக்குக் கல்யாணம் ஆகிப் பெண் குழந்தை பிறந்து அது நடக்கத் தொடங்கின சமயத்தில் தோல் பதப்படுத்தும் எங்கள் டேனரியின் முதலாளி ஒரு மூடு மோட்டார் வாங்கினார். கறுப்பு நிறம், நாலு கதவு. அதை ஓட்டச் சென்னையிலிருந்து ஒரு டிரைவர் வந்தார். குழி வேலை முடிந்த பிறகு தினமும் நான் போய் அந்தக் காரைக் கழுவிக் கொடுப்பேன். அதற்குக் கூலியாக அவர் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பிறகு அவர் பஸ் ஓட்டப் போய்விட்டார். முதலாளிக்கு அவசரமாக வேலூருக்குப் போக வேண்டியிருந்தது, ஓட்ட வேறு ஆளில்லை. வேண்டா வெறுப்பாக என்னைக் கூப்பிட்டார்.

"சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வாடா. சீட்டு நாறக்கூடாது" என்றார். என் டிரைவர் வேலைக்கு அவர் கொடுத்த உத்தரவு அவ்வளவுதான்.

குளித்தேன். இரண்டு தரம் குளித்தேன். அப்புறம் வேலூரில் லைசென்ஸ் வாங்கினேன், காக்கிக் கோட்டு தைத்துக்கொண்டேன். ஒரு மழைக்காலம் போனதும் என் விரல் ஓட்டைகள் மூடிப் புதுத்தோல் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தேன். மனைவி கருவாட்டுப் புளிக்குழம்பு ஊற்றினாள். நான் கையை விட்டுப் பிசைந்தேன். எரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவள் பார்க்காமல் இருக்கக் குனிந்துகொண்டேன். என் பெண் அதுவரை என் கிட்டே வரவே யோசிக்கும், நாற்றத்துக்குப் பயந்து. அன்றைக்கு அது வந்து என் மடியில் உட்கார்ந்து என் கையிலிருந்தே சோறு வாங்கித் தின்றது. சாப்பிட்டு முடித்து மனைவியிடம் சொன்னேன்: "அந்தக் கரண்டியை அடுப்புல போட்டுடு."

"போட்டாச்சு, போட்டாச்சு" என்றாள் அவள்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த ஸ்டீரிங்கைப் பிடித்தவனுக்கு அது என்ன என்று தெரிய வேண்டும். பார்க்கிறவர்கள் காரைப் பார்த்தார்கள். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோலை வாங்கிக் கப்பலில் அனுப்புகிற கம்பெனியின் துரை ஒருவர் சென்னையிலிருந்து எப்போதாவது வருவார். அவர் தலையை ஆட்டினால் சரக்கு போகும், ஆட்டாவிட்டால் கிடங்கில் கிடக்கும். வியாபாரம் மந்தமாக இருந்த காலம் அது. அதனால் துரைக்குத் தும்மல் வந்தால் முதலாளிக்கு ஜுரம் வரும். அந்தத் துரைக்கு மீன் பிடிக்கிற பைத்தியம். பங்குனி மாதம் ஒரு தடவை ரயிலில் வந்தவர், கூடவே ஒரு பெரிய கித்தான் மூட்டையையும் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே கறுப்பு ரப்பர். காற்றடித்தால் படகு ஆகுமாம். சீமையிலிருந்து வரவழைத்தது. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போய் நடுத் தண்ணீரில் உட்கார்ந்து மீன் பிடிக்க வேண்டும் என்றார். முதலாளி "ஆல்ரைட் சார்" என்று மூன்று தரம் சொன்னார்.

ஓட்டை இருக்கிறதா என்று டேனரித் தொட்டியில் மிதக்கவிட்டுப் பார்ப்பதற்காக அன்றைக்கே காற்றடித்தார்கள். காலால் மிதிக்கிற சின்னத் துருத்தி ஒன்று படகோடு வந்திருந்தது. நாலு மிதி மிதித்ததும் அதில் இருந்த தோல் கிழிந்தது. ஊரெல்லாம் தோல் கிடக்கிறது, அந்த உள்ளங்கை அகலத் தோலை வெட்டித் தைக்க எங்களில் ஒருவனுக்கும் தெரியவில்லை. நாங்கள் பதப்படுத்தி அனுப்புகிறவர்கள், அதை வைத்து அந்தப் பக்கம் என்ன செய்கிறார்கள் என்று கண்டோமா? கடைசியில் கொல்லர் பட்டறையிலிருந்து பெரிய துருத்தியைத் தூக்கி வந்து, அதன் மூக்கில் தோலைச் சுற்றி, ஒரு மத்தியானம் முழுக்க ஊதினார்கள். படகு எழுந்து நின்றது. சினை எருமை மாதிரி இருந்தது. தொட்டியில் போட்டார்கள், மிதந்தது. எல்லாரும் கை தட்டினோம்.

ஏரிக்கரைக்குக் கொல்லர் துருத்தியைக் கொண்டுபோக முடியாது. எனவே துரை, காற்றை இறக்க வேண்டாம், அப்படியே காரின் மேல் வைத்துக் கட்டுங்கள், காலையில் நான் தங்கியிருக்கும் பங்களாவுக்கு வந்து என்னை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் நான் தாம்புக் கயிறு எடுத்துக்கொண்டு வந்தேன். சென்னை டிரைவர் இருந்தபோது சாமான் கட்ட வைத்திருந்த கயிறு. முதலாளி அதை வாங்கித் தூர எறிந்தார்.

"கயிறாடா? நம்ம தொழில் இன்னா? துரை பாத்தா சிரிக்க மாட்டாரு? வாரைக் கொண்டா."

எங்கள் ஊரில் எதைக் கட்டுவதென்றாலும் பச்சைத் தோல் வார்தான். வண்டி அச்சு விரிந்தால் வார். கூடைக் காது அறுந்தால் வார். நுகத்தடியா, மண்வெட்டிப் பிடியா, எல்லாவற்றுக்கும் அதுதான் வைத்தியம். ஊற வைத்த பச்சை வாரைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டு வெயிலில் விட்டுவிட்டால் காய்ந்து சுருங்கி இரும்பு மாதிரி பிடித்துக்கொள்ளும். அப்புறம் அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் வேண்டும். அதில் எங்களுக்கெல்லாம் ஒரு கர்வம். அன்றைக்குச் சுற்றி நின்றவர்கள் குழிக்காரர்கள், தோலுக்குப் பட்டை இடிக்கிற பட்டைக்காரர்கள், மேஸ்திரி, கணக்குப்பிள்ளை என்று இருபது பேர் இருக்கும். ஒருத்தனுக்காவது சந்தேகம் வந்ததா? இல்லை. நானும் டயருக்குக் காற்றடிக்கிறவன்தான். ஆனால் டயரை யாரும் வாரால் கட்டுவதில்லையே! சைக்கிள் கடைக்காரன் ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் என் தலையெழுத்து மாறியிருக்கும்.

வாரை ஒரு பின் கதவின் ஜன்னல் வழியாக உள்ளே விட்டு, மறு பக்க ஜன்னலில் வாங்கி, மேலே படகைச் சுற்றி இழுக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்து வாங்கிக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். குழிக்காரன் ஒருவன் கதவைத் திறந்து ஏறப்போனான்.

"ஏய், எறங்குடா! சீட்டு நாறிப்போயிடும்" என்று அவனை விரட்டிவிட்டு முதலாளியே உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டார். துரையைப் பார்க்கப் போட்டிருந்த பட்டுக் கோட்டோடு உள்ளே உட்கார்ந்து, ஈர வாரை விரல் நுனியால் பிடித்துப் பிடித்து இந்தப் பக்கம் தள்ளினார். "இழுடா, இன்னும் இழு. சோறு துன்றியா இன்னா?" என்று கத்தினார். நான் காலை ஊன்றி இழுத்தேன். ஏழெட்டுச் சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். பிறகு முன் கதவைத் திறந்து ஏறி, காரை எடுத்தேன்.

பங்களாவுக்குப் போய் நின்றதும் துரை படியிறங்கி வந்தார். முதலாளி இறங்கிச் சலாம் போடக் கதவைத் தள்ளினார். கதவு நகரவில்லை. மறு பக்கக் கதவைத் தள்ளினார், அதுவும் நகரவில்லை. ஜன்னல் வழியாகப் போன வார் இரண்டு பின் கதவுகளையும் சேர்த்துக் கட்டிவிட்டிருந்தது. முன் சீட்டைத் தாண்டி வர அவருடைய உடம்பும் இடம் கொடுக்காது, கௌரவமும் இடம் கொடுக்காது. ஜன்னலில் வாருக்கு நடுவே முகத்தை வைத்து "குட் மார்னிங் சார்" என்றார். துரை குனிந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் பார்த்தேன். ஆனால் கண்ணாடியில் முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"அறுத்துடட்டுமா மொதலாளி?" என்று கேட்டேன்.

"வேணாம். நேரமாவுது. ஏரியில போயி அறுத்துக்கலாம், நீ ஓட்டு" என்றார். துரை என் பக்கத்தில் முன் சீட்டில் உட்கார்ந்தார். முதலாளி தனக்குத்தானே கட்டிக்கொண்ட கூண்டில் பின்னால் வந்தார்.

பள்ளிகொண்டா தாண்டும்போது வெயில் ஏறியது. வேலூர் வருவதற்குள் மேலே ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. முனகல் மாதிரி. வார் காய்ந்து இறுகுகிற சத்தம். துரை விரலை மேலே காட்டி என்னவோ கேட்டார். பின்னாலிருந்து முதலாளி பெருமையாகச் சொன்னார்: "லெதர் சவுண்ட் சார். வெரி ஸ்ட்ராங்." துரையும் தலையாட்டினார்.

பாலாற்றைக் கடந்து ராணிப்பேட்டையில் நிறுத்தி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அப்போது மேலே பார்த்தேன். வார் படகின் வயிற்றில் விரல் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. வெயிலில் உள்ளே இருந்த காற்று உப்பி, வாருக்கு நடுவே ரப்பர் பிதுங்கிக்கொண்டு நின்றது. கையை வைத்தால் அடுப்புக் கல் மாதிரி சுட்டது. "மொதலாளி, ரொம்ப இறுகிடுச்சி" என்றேன்.

"இறுகணும்னுதானேடா கட்டினது. பேஜார் பண்ணாத, எடு வண்டிய" என்றார்.

எடுத்தேன். வாலாஜா தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். ரோட்டோரம் கழனியில் பெண்கள் புல்லறுத்துக்கொண்டிருந்தார்கள். எதிரே ஒரு மாட்டு வண்டி வந்துகொண்டிருந்தது. அப்போது வெடித்தது.

திருவிழா அதிர்வேட்டை அடுத்தடுத்து வைத்தது போல இரண்டு சத்தம். மாடுகள் வண்டியோடு கழனிக்குள் பாய்ந்தன. என் கண்ணுக்கு முன்னால் கறுப்பாக ஒன்று வந்து விழுந்து முன் கண்ணாடியை மூடிவிட்டது. ரோடு தெரியவில்லை. பிரேக்கை மிதித்தேன், கார் ஒரு புளிய மரத்துக்குச் சாண் தூரத்தில் நின்றது. யாருக்கும் காயமில்லை. என் பிரேக்தான் மூன்று உயிரைக் காப்பாற்றியது என்று அன்றும் யாரும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. ஆகவே நானே சொல்லிக்கொள்கிறேன்.

துரை இறங்கினார். நானும் இறங்கினேன். கிழிந்த படகு காரின் முகத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளி உள்ளே. கதவை உதைக்கிறார், கத்துகிறார். புல்லறுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்துவிட்டார்கள். ஒருத்தி ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "ஏன்யா, பைத்தியக்காரரா அவரு? ஆஸ்பத்திரிக்குக் கட்டி இட்டுனு போறீங்களா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். முதலாளிக்கு அது நன்றாகக் கேட்டது. அவர் கத்துவதை நிறுத்திவிட்டார்.

நான் அவளிடமே அரிவாளை வாங்கி வாரை அறுக்கப் போனேன். துரை படகைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு முன்பக்கம் நின்றிருந்தார். அப்போது முதலாளி ஜன்னல் வழியாக என் கோட்டைப் பிடித்து இழுத்து மெதுவாகச் சொன்னார். அவர் அப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"நீயாவே கட்டினன்னு சொல்லுடா. எனக்குத் தெரியாம கட்டிட்டன்னு சொல்லு. துரை கோவிச்சிக்கினா நம்ம டேனரியே போச்சு. உன் வேலை எங்கியும் போவாது. நான் இருக்கேன்."

நான் இருக்கேன். இந்த இரண்டு வார்த்தையை நம்பிக் கெட்டவர்கள் இந்த உலகத்தில் எத்தனை பேரோ! நானும் நம்பினேன். சரி என்றேன். வாரை அறுத்தேன். கதவைத் திறந்தேன். முதலாளி இறங்கினதும் நேராகத் துரையிடம் போய் என்னைக் காட்டி "டிரைவர் ஃபூல் சார், டிரைவர் டூ திஸ்" என்றார். துரை என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து "எஸ் சார்" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான், அதுவும் அங்கே செலவாயிற்று.

துரை கோபிக்கவில்லை. அதுதான் வேடிக்கை. அவருக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, போகட்டும் என்கிற மாதிரி கையை ஆட்டினார். ஏரிக்குப் போய்க் கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டார். இரண்டு கெண்டை பிடித்தார். சாயங்காலம் திரும்பி வந்து, கிழிந்த படகை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு ரயில் ஏறிவிட்டார். சரக்கும் எப்போதும் போலப் போயிற்று. நான் நிம்மதியாக வீட்டுக்குப் போய், நடந்ததை மனைவியிடம் நடித்துக் காட்டினேன். முதலாளி ஜன்னலில் முகம் வைத்ததைக் காட்டியபோது குழந்தை உருண்டு உருண்டு சிரித்தது. மனைவி சிரிக்கவில்லை. "நீ ஏன்யா ஒத்துக்கினே?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை போனால் என் சீட்டில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். முதலாளி வீட்டம்மாவுக்குத் தூரத்து உறவு. முதலாளி வெற்றிலை போட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"துரைக்கு ஒரு பதில் சொல்லணுமில்ல? கொஞ்ச நாளு குழியில இரு. அப்புறமா பாக்கலாம்."

"துரை சிரிச்சிக்கினுதானே போனாரு மொதலாளி?"

"துரை மனசுல இன்னா இருக்குன்னு உனக்குத் தெரியுமா? போடா."

துரை மனசில் ஒன்றுமில்லை. எல்லாம் இவர் மனசில்தான். பைத்தியக்காரனா என்று அந்தப் புல்லறுக்கிறவள் கேட்டபோது பக்கத்தில் நின்றவன் நான். அவருடைய தப்பை என் தலையில் வாங்கிக்கொண்டவனும் நான். இனி ஒவ்வொரு நாளும் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் உட்கார அவரால் முடியாது. நான் "மாட்டேன்" என்று சொல்லியிருந்தால்கூட ஒருவேளை திட்டிவிட்டு வைத்திருப்பார். உதவி செய்ததைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. இது எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது. புரிந்ததால் கோபம் குறைந்ததா என்றால், இல்லை.

காக்கிக் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கிளம்பும்போது முதலாளி திரும்பக் கூப்பிட்டார். மனசு மாறிவிட்டாரோ என்று ஓடினேன். மேஸ்திரி அந்த ரப்பர் படகை விரித்துப் போட்டு வெட்டிக்கொண்டிருந்தார். குழியில் இறங்குகிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளத் துண்டு துண்டாக வெட்டச் சொல்லியிருந்தாராம். சுண்ணாம்புத் தண்ணீர் உடம்பில் படாதாம். சீமை ரப்பராம்.

"உனக்குத்தான்டா மொதல்ல" என்று ஒரு துண்டை என் கையில் கொடுத்தார். தர்மம் செய்கிற முகம் இருக்கிறதே, அந்த முகத்தோடு கொடுத்தார்.

அதை இடுப்பில் கட்டிக்கொண்டு அன்றைக்கே குழியில் இறங்கினேன். கட்டுவதற்கு மேஸ்திரி ஒரு பச்சை வார் கொடுத்தார். நல்ல ரப்பர்தான், பொய் சொல்லக்கூடாது. வயிற்றிலும் தொடையிலும் ஒரு சொட்டுப் படவில்லை. எத்தனையோ வருஷம் உழைத்தது. கைக்கு உறை மாதிரி தைத்துக்கொள்ள இன்னொரு துண்டு கேட்டேன். மிச்சம் இல்லை என்றார்கள். மிச்சத்தைக் காரில் கால் வைக்கிற இடத்தில் விரித்திருப்பதைப் பிறகு பார்த்தேன்.

சனிக்கிழமைக்குள் விரலில் பழைய இடங்களிலேயே ஓட்டை விழுந்துவிட்டது. சாயங்காலம் வந்து உட்கார்ந்தேன். மனைவி சோறு போட்டுப் புளிக்குழம்பு ஊற்றினாள். என் பெண் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அது பார்க்கிறதே என்று கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். மனைவி எழுந்து உள்ளே போனாள். அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டு எதையோ எடுத்து, முந்தானையால் துடைத்து, என் தட்டின் பக்கத்தில் வைத்தாள்.

அடுப்பில் போட்டாச்சு என்று அவள் சொன்ன அதே கொட்டாங்கச்சிக் கரண்டி.